ஆதாரம் எங்கே? – அறிவியல் வரலாறும் ஐசிஸ் நூலடைவும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்)

சென்ற ஆண்டு நம் கல்லூரி அறிவியல் மன்றக் கூட்டத்தில் ‘கதிரவனில் கண்ட தனிமம்’ என்னும் தலைப்பில் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. “1868ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள், முழுச் சூரிய கிரகணத்தின்போது, குண்டூரில் இருந்து நோக்கிய பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் ஹீலியம் என்னும் புதிய தனிமத்தைக் கண்டுபிடித்தார். அன்று குண்டூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே ஹீலியம் பிறந்த மண் நம் மண்!” என்று முழங்கினேன். கைதட்டல் பலமாகவே இருந்தது.

கூட்டம் முடிந்தபின் முன்வரிசையில் அமர்ந்திருந்த ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் என்னை அருகே அழைத்தார். “நன்றாகப் பேசினாய், தம்பி. ஒன்று மட்டும் சொல். புதிய தனிமத்தைக் கண்டதாக ஜான்சன் எங்கே எழுதியிருக்கிறார்?” என்று கேட்டார்.

நான் மூன்று நூல்களின் பெயரைச் சொன்னேன். “அவை எல்லாம் மற்றவர்கள் எழுதியவை. ஜான்சன் எழுதியது எங்கே?” என்று மீண்டும் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அவர் கடிந்து கொள்ளவும் இல்லை. “தேடிப் பார், கிடைக்கும்” என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

விடுதிக்குத் திரும்பி அம்மூன்று நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். மூன்றிலும் செய்தி ஒன்றே. சொற்கள் கூட ஏறத்தாழ ஒன்றே. ஒன்றிலாவது ஆதாரம் இல்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்தாண்டிருக்கிறார். அதை நான் மேடையில் ஏற்றியிருக்கிறேன். அந்த ஒரு கேள்வி என்னை எங்கெல்லாம் அழைத்துச் சென்றது என்பதையும், அவ்வழியில் எனக்குக் கைவிளக்காக அமைந்த ஒரு கருவியைப் பற்றியும் நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலடைவு என்பது யாது?

மறுநாள் நூலகத்திற்குச் சென்று நூலகர் அம்மாவிடம் என் நிலையைச் சொன்னேன். அவர் சிரித்துக் கொண்டே, “நீ புத்தகத்தைத் தேடுகிறாய். முதலில் புத்தகங்களைப் பற்றிய புத்தகத்தைத் தேட வேண்டும்” என்றார். அதுதான் நூலடைவு.

ஒரு துறையில் வெளிவந்த நூல்கள், ஆய்விதழ்க் கட்டுரைகள், நூல் மதிப்புரைகள் முதலியவற்றை யார் எழுதியது, எப்போது, எங்கே வெளிவந்தது, எதைப் பற்றியது என்னும் விவரங்களோடு முறைப்படுத்தித் தருவது நூலடைவு. நம் நூலகத்தின் அட்டவணை, நம் அடுக்குகளில் உள்ளவற்றை மட்டுமே சொல்லும். நூலடைவோ ஒரு நூல் எந்த ஊரில், எந்த மொழியில் இருந்தாலும் அது இருக்கிறது என்ற செய்தியைச் சொல்லும். இருக்கிறது என்று தெரிந்தால்தானே அதைத் தேட முடியும்!

அறிவியல் வரலாற்றுக்கு நூலடைவு மிகவும் வேண்டப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. இத்துறைக் கட்டுரைகள் ஓரிடத்தில் இரா. ஹீலியத்தின் வரலாற்றை ஒரு வேதியியலார் எழுதியிருக்கலாம், வானநூலார் எழுதியிருக்கலாம், வரலாற்றுப் பேராசிரியரும் எழுதியிருக்கலாம். ஒவ்வொருவரும் தத்தம் துறை இதழ்களில் எழுதுவர். இவற்றையெல்லாம் ஒரு கூரையின்கீழ்க் கொண்டுவர ஒருவர் முன்வர வேண்டியிருந்தது. அவர்தாம் ஜார்ஜ் சார்ட்டன்.

சார்ட்டனின் உழைப்பு

சார்ட்டன் பெல்ஜியம் நாட்டின் கெண்ட் நகரில் 1884இல் பிறந்தவர். வேதியியலும் கணிதமும் பயின்று, 1911இல் முனைவர் பட்டம் பெற்றார். அறிவியலின் வரலாறு ஒரு தனித்துறையாக வளர வேண்டும் என்னும் வேட்கை அவரை ஆட்கொண்டது. அதற்கென ஓர் ஆய்விதழை 1912இல் நிறுவினார். எகிப்தியரின் பெண் தெய்வமான ஐசிஸின் பெயரையே இதழுக்குச் சூட்டினார். முதல் இதழ் 1913இல் வெளிவந்தது. அறிவியல் வரலாற்றில் புதிதாக வெளிவந்தவற்றைத் திரட்டிக் குறிப்புகளோடு தரும் நூலடைவும் அவ்வாண்டிலேயே இதழில் இடம் பெற்றது.

அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மானியப் படை பெல்ஜியத்துள் நுழைந்தது. சார்ட்டன் தம் ஆய்வுக் குறிப்புகளைத் தோட்டத்தில் புதைத்து வைத்துவிட்டு, மனைவியோடும் கைக்குழந்தையோடும் நாட்டைவிட்டு வெளியேறினார். பிறர் பொன்னையும் பொருளையும் புதைத்து வைத்துக் கேட்டிருக்கிறோம். இவர் புதைத்தது காகிதங்களை! இங்கிலாந்து வழியாக 1915இல் அமெரிக்கா சென்று சேர்ந்தார். பின்னர் வாஷிங்டனில் உள்ள கார்னெகி நிறுவனத்தின் ஆதரவு கிட்டவே, ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வைடனர் நூலகத்தில் ஓர் அறையில் அமர்ந்து பல்லாண்டுகள் பணியாற்றினார். ஐசிஸ் இதழைத் தாங்கிப் பிடிப்பதற்காகவே 1924இல் அறிவியல் வரலாற்றுக் கழகம் தோன்றியது.

‘அறிவியல் வரலாற்றுக்கு ஓர் அறிமுகம்’ என்னும் அவருடைய பெருநூலின் மூன்று தொகுதிகள் 1927 முதல் 1948 வரை வெளிவந்தன. எடுத்துக் கொண்ட திட்டம் பெரிது. அவரால் பதினான்காம் நூற்றாண்டு வரையே வர முடிந்தது. இடைக்கால அறிவியலுக்கு அரபு மொழி இன்றியமையாதது என்று உணர்ந்து, நாற்பத்தைந்து வயதைக் கடந்தபின் மேற்காசிய நாடுகளுக்குச் சென்று அம்மொழியைக் கற்றார். அறிவியல் ஐரோப்பாவின் தனிச்சொத்து அன்று. பல இனத்தாரும் சேர்ந்து வளர்த்த பொதுச்சொத்து என்பது அவர்தம் கொள்கை. அவர் 1956இல் மறைந்தார்.

ஆறு தொகுதிகளும் அதன் பின்னரும்

ஆண்டுதோறும் வந்த நூலடைவுகள் பெருகப் பெருக, ஒரு புதிய இடர்ப்பாடு எழுந்தது. ஒரு பொருளைத் தேட வேண்டுமானால் 1913ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் அடைவாகப் புரட்ட வேண்டும். அடைவுக்கே ஓர் அடைவு வேண்டும் என்ற நிலை! இதைத் தீர்த்து வைத்தவர் இலண்டனில் பணியாற்றிய மேக்டா விட்ரோ என்னும் அம்மையார். 1913 முதல் 1965 வரை வந்த 90 நூலடைவுகளையும் ஒன்றாக்கி, 1971 முதல் 1984 வரை ஆறு தொகுதிகளாக அவர் வெளிக்கொணர்ந்தார். அவற்றுள் முதல் இரண்டு அறிஞர்களையும் நிறுவனங்களையும் பற்றியவை. மூன்றாவது பாடப்பொருள் பற்றியது. நான்காவதும் ஐந்தாவதும் நாகரிகங்களையும் காலங்களையும் பற்றியவை. ஆறாவது ஆசிரியர் பெயரடைவு.

ஆள், பொருள், நாகரிகம், காலம் என்னும் இப்பகுப்பு நமக்கு ஒருவரை நினைவூட்டாமல் இராது. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் பயிற்றுவித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், 1933இல் வெளியிட்ட தம் கோலன் பகுப்பு முறையில், ஒரு நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்துக் காணும் வழியைக் காட்டினார். நூலகம் வாசகரின் காலத்தை வீணாக்கக் கூடாது என்பதை ஒரு விதியாகவே வகுத்தவர் அவர். நல்ல நூலடைவு செய்வதும் அதுவே.

விட்ரோவுக்குப் பின்வந்த ஆண்டுகளின் அடைவுகளை ஜான் நியூ என்னும் நூலகர் தொகுத்தார். 2002இல் ஓக்லகாமா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் வெல்டன் இப்பணியை ஏற்றார். அவர் காலத்தில், 2015இல், ‘ஐசிஸ்சிபி எக்ஸ்ப்ளோர்’ என்னும் பெயரில் இந்நூலடைவு இணையத்தில் எவரும் கட்டணமின்றித் தேடும் தரவுத்தளமாக உருவெடுத்தது. இதனினும் வேறாக, ஐசிஸ் அடைவோடு தொழில்நுட்ப வரலாறு, மருத்துவ வரலாறு, இத்தாலிய அறிவியல் வரலாறு ஆகியவற்றின் அடைவுகளையும் இணைத்த தரவுத்தளம் ஒன்றும் உண்டு. அது சந்தா செலுத்தும் நூலகங்களின் வழியாக மட்டுமே கிடைக்கும். நம்மைப் போன்ற அரசு கலைக்கல்லூரி மாணவர்களுக்கு முன்னது பெரும் வாய்ப்பு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

தேடும் முறை

பொதுவான தேடுபொறியில் ‘ஹீலியம்’ என்று இட்டால் பலூன் விற்பவர் முதல் பள்ளிக் குறிப்பேடு வரை வந்து குவியும். நான் மேடையில் சொன்ன பிழையும் நூறு இடங்களில் நூறு முறை எதிரொலிக்கும். நூறு பேர் சொல்வதனால் ஒரு செய்தி மெய்யாகி விடாது. நூலடைவில் அத்தகைய குவியல் இல்லை. அங்கே இடம்பெறுபவை அறிவியல் வரலாற்று நோக்கில் எழுதப்பட்ட நூல்களும் கட்டுரைகளுமே. அங்கே தேடுவதற்கு நான் கற்றுக்கொண்ட முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலாவது, கேள்வியைச் சுருக்கிக் கொள்ள வேண்டும். ‘ஹீலியம்’ என்பது கேள்வி அன்று; தலைப்பு. ‘1868இல் ஜான்சன் கண்டது என்ன?’ என்பதே கேள்வி. இதில் ஆள் ஒருவர், பொருள் ஒன்று, காலம் ஒன்று, இடம் ஒன்று இருக்கின்றன. நான்கையும் தனித்தனியே தாளில் எழுதிக் கொண்டேன்.

இரண்டாவது, பெயரின் பல வடிவங்களை அறிய வேண்டும். ஜான்சனின் முழுப்பெயர் பியர் ஜூல்ஸ் சேசர் ஜான்சன். சிலர் பியர் என்றும் சிலர் ஜூல்ஸ் என்றும் எழுதுவர். மசூலிப்பட்டணமும் மச்சிலிப்பட்டினமும் ஓரூரே. இந்தத் தரவுத்தளத்தில் ஒவ்வோர் அறிஞருக்கும், ஒவ்வொரு பாடப்பொருளுக்கும், ஒவ்வோர் இடத்திற்கும் தனிப்பதிவு ஒன்று உண்டு. அதைத் திறந்தால் அவரைப் பற்றியும் அதைப் பற்றியும் வந்தவை தொடர்ந்து வரும். ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால், அதற்கு எந்தப் பொருள்தலைப்புகள் இடப்பட்டிருக்கின்றன என்று நோக்கி, அவற்றின் வழியே மேலும் செல்லலாம். ஒரு நூல் பற்றி மதிப்புரைகள் வந்திருந்தால் அவற்றையும் காணலாம்.

மூன்றாவது, புதியதிலிருந்து பழையதற்குச் செல்ல வேண்டும். அண்மைக்கால ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்புகளில் அதற்கு முன் வந்தவை அடங்கியிருக்கும். அவ்வடிக்குறிப்புகள் நம்மை மூல ஆவணத்தின் வாயிலில் கொண்டு விடும்.

நான்காவது, கிடைத்ததை உடனுக்குடன் எழுதி வைக்க வேண்டும். ஆசிரியர், தலைப்பு, இதழ், தொகுதி, ஆண்டு, பக்கம் ஆகிய ஆறும் இல்லாத குறிப்பு, முகவரி இல்லாத கடிதம் போன்றது.

கிடைத்த விடை

இவ்வழியில் சென்றபோது எனக்குக் கிட்டியவற்றுள் இரண்டு முக்கியமானவை. ஹெல்கே கிராக் என்னும் டென்மார்க்கு நாட்டு அறிவியல் வரலாற்றாசிரியர் 2009இல் ‘அன்னல்ஸ் ஆஃப் சயின்ஸ்’ இதழில் ஹீலியத்தின் தொடக்க வரலாற்றை மறு ஆய்வு செய்து எழுதிய கட்டுரை ஒன்று. வானியற்பியலார் பிமன் நாத் 2013இல் வெளியிட்ட ஹீலியத்தின் கதை பற்றிய நூல் மற்றொன்று. அவற்றின் வழியே நான் அறிந்து கொண்டதைச் சுருக்கித் தருகிறேன்.

1868 கிரகணத்தின்போது ஜான்சன் குண்டூரில் இருந்தது உண்மை. ஆங்கிலேயரான மேஜர் டென்னன்டும் அங்கேயே முகாமிட்டிருந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டணத்தில் இருந்தார். கிரகணத்தின்போது கதிரவனின் விளிம்பில் தெரியும் செந்தழல் நாக்குகளின் ஒளியை நிறமாலைக் காட்டியால் பகுத்தபோது, ஒளிர்கோடுகள் தோன்றின. எனவே அத்தழல்கள் வாயுவால் ஆனவை என்பது தெளிவாயிற்று. மஞ்சள் நிறத்தில் தெரிந்த கோட்டைச் சோடியத்தின் கோடு என்றே பலரும் எண்ணினர்.

ஜான்சனின் உண்மையான சாதனை வேறு. அக்கோடுகள் மிகப் பிரகாசமாக இருப்பதைக் கண்டு, கிரகணம் இல்லாத நாளிலும் அவற்றைக் காண முடியும் என்று அவர் உணர்ந்தார். மறுநாளே கண்டும் காட்டினார். இதே முறையை இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் தாமாகவே அமைத்து அக்டோபர் 20 அன்று வெற்றி பெற்றார். இருவர் செய்தியும் பாரிசு அறிவியல் கழகத்தை ஒரே நாளில் எட்டின. முதன்மை யாருக்கு என்ற பூசல் எழாமல், இருவர் முகத்தையும் பொறித்துப் பிரெஞ்சு அரசு பதக்கம் வெளியிட்டது. அப்பதக்கம் முறைக்காகத் தரப்பட்டது, தனிமத்திற்காக அன்று.

மஞ்சள் கோடு சோடியத்தின் கோடுகளோடு சரியாகப் பொருந்தவில்லை என்பதைக் கவனித்து அதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் லாக்கியர். வேதியியலார் ஃபிராங்க்லண்டும் அவருடன் சேர்ந்து உழைத்தார். நீரகத்திலிருந்து அக்கோடு எழக்கூடுமோ என்றும் அவர்கள் ஆராய்ந்தனர். புதிய பொருள் ஒன்றுக்கு அவ்விருவரும் ஹீலியம் என்று பெயரிட எண்ணுகின்றனர் என்னும் செய்தி, 1871இல் வில்லியம் தாம்சன் பிரிட்டிஷ் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையின் அச்சுப் படியில் இடம்பெற்றது. அதன் பின்னரும் வேதியியலார் பலர் அதை ஏற்கத் தயங்கினர். 1895இல் வில்லியம் ராம்சே கிளீவைட் என்னும் யுரேனியக் கனிமத்தில் ஆர்கானைத் தேடியபோது, எதிர்பாராமல் அதே மஞ்சள் கோட்டைக் கண்டார். அதன் பின்னரே ஹீலியம் பூமியிலும் உள்ள தனிமம் என்பது உறுதியாயிற்று.

ஆக, ‘ஜான்சன் குண்டூரில் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார்’ என்பது மெய்யன்று. குண்டூரில் நிகழ்ந்தது கதிரவனை நாள்தோறும் ஆராயும் புதுமுறையின் தொடக்கம். அது குறைந்த பெருமையா? என் பேச்சில் இல்லாத ஒரு பெருமையைக் கொடுக்கப் போய், இருந்த பெருமையை மறைத்துவிட்டேன் என்பதே எனக்கு வருத்தம் தந்தது.

சில எச்சரிக்கைகள்

நூலடைவு முழு நூலையும் கையில் தராது; அது இருக்கும் இடத்தையே காட்டும். கட்டுரை நம் நூலகத்தில் இல்லையெனில் நூலகரை நாட வேண்டும். பழைய இதழ்கள் பல இப்போது எண்ணியல் படிகளாகக் கிடைக்கின்றன. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு நூலைப் படித்ததாக எழுதுவது தகாது.

அடைவில் ஒரு நூல் இடம்பெற்றிருப்பதனாலேயே அது குற்றமற்றது என்று கொள்ளலாகாது. அடைவு ஆற்றுப்படுத்தும், தீர்ப்புச் சொல்லாது. மாறுபட்ட கருத்துடைய இருவரைப் படித்து, ஆதாரங்களை எடைபோடும் கடமை நம்முடையது.

மேலும் ஒன்று. இந்நூலடைவில் ஆங்கில நூல்களும் பிற ஐரோப்பிய மொழி நூல்களுமே பெரும்பான்மை. ஆகவே இந்திய அறிவியல் வரலாற்றைத் தேடுவோர், 1966இல் தொடங்கிய ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஹிஸ்டரி ஆஃப் சயின்ஸ்’ இதழையும், போஸ், சென், சுப்பராயப்பா ஆகியோர் பதிப்பில் 1971இல் வந்த சுருக்க வரலாற்றையும் உடன் வைத்துக் கொள்ளுதல் நன்று. தமிழில் எழுதுவோரும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். ஆதாரம் காட்டாமல் எழுதப்படும் பெருமைகளை உலகம் ஏற்காது. ஏற்க வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. ஆண்டும் பக்கமும் குறித்து நாம் எழுதினால், நாளை எந்த அடைவிலும் நம் எழுத்துக்கு இடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டாகும்.

முடிவுரை

எவர் வாய்க் கேட்டாலும் அதன் உண்மையை ஆராய்ந்து காண்பதே அறிவு என்பது வள்ளுவர் நமக்கு வைத்த பாடம். அப்பாடத்தைச் செயலில் காட்டுவதற்கான கருவிதான் நூலடைவு. போரின் நடுவே குறிப்புகளைப் புதைத்துவிட்டு ஓடிய ஒருவர், பிற்கால மாணவர் எவரோ ஒருவர் ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்கக்கூடும் என்பதற்காகவே வாழ்நாள் முழுதும் பட்டியல் எழுதினார். அவர் எழுதி வைத்தது இன்று நம் நூலகத்துக் கணிப்பொறியில் காத்திருக்கிறது.

இவ்வாண்டு மன்றத்தின் முதற் கூட்டத்தில் எழுந்து, சென்ற ஆண்டு நான் சொன்னது பிழை என்று அறிவித்து, சரியான செய்தியை ஆதாரத்துடன் படித்தேன். இம்முறை கைதட்டல் குறைவுதான். கூட்டம் முடிந்ததும் அந்தப் பேராசிரியர் என் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, “பக்க எண்ணை விட்டுவிட்டாயே, தம்பி” என்றார். மறுநாள் காலை நூலகம் திறக்கும்போது நான் வாயிலில் நின்று கொண்டிருந்தேன்.